றியாத்துக்குப் போகும் தங்கச்சியின் கையில் மந்திரித்த நூல்: கழற்றச் சொல்வதா?

மண்டூர்க்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம்.

என் தங்கச்சி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு முடிந்த கையோடு றியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துப் பயிற்சி முடிந்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரர் மேசன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட நாளிலிருந்து வேலைக்குப் போக முடியவில்லை. மூன்று இடத்தில் நுண்கடன். வெள்ளிக்கிழமை விடிந்தால் கடன்காரர்கள் படலையில் வந்து நிற்கிறார்கள். போகாதே என்று சொல்ல என்னிடமும் காசு இல்லை. ஆகவே போவதா விடுவதா என்று நான் கேட்கவில்லை.

கேள்வி நூலைப் பற்றியது. போன செவ்வாய்க்கிழமை அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு மந்திரிக்கிற கட்டாடியார் ஒருவரிடம் போனார். நானும் கூடப் போனேன். கறுப்பு நூலை மூன்று புரியாக முறுக்கி, மஞ்சள் தண்ணீரில் தோய்த்து எடுத்தார். ஒவ்வொரு முடிச்சுப் போடும்போதும் வாய்க்குள் மந்திரம் சொல்லி, முடிச்சின்மேல் ஊதினார். மொத்தம் ஒன்பது முடிச்சு. தேசிக்காயை நாலாக வெட்டிக் குங்குமம் தடவி நாலு திசைக்கும் எறிந்தார். அப்புறம் நூலை வலக்கையில் கட்டி, மிச்சம் தொங்கிய நுனியைக் கற்பூரத்தில் பொசுக்கினார். செப்புக் கூட்டுக்குள் தகடு வைத்து இடுப்புக்கும் ஒன்று. "திரும்பி வந்து இந்த மண்ணை மிதிக்கும்வரை கழற்றப்படாது" என்றார். தங்கச்சி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவர் சொன்னார்: "அங்கே இதைக் கண்டால் சூனியக்காரி என்று பிடிப்பார்கள்." அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கிறார் இல்லை. "அங்கே இருக்கிறவனுக்கு மட்டுமில்லை, இங்கே மாமி செய்கிறதுக்கும் சேர்த்துத்தான் காவல்" என்கிறார். அது பழைய கதை, விடுங்கள்.

நான் ஒரு ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் கூடப் படித்த பிள்ளைகள் என்னைக் கண்டதும் கேட்பார்கள்: "மட்டக்களப்பில் வந்த ஆளைத் திரும்பிப் போகவிடாமல் மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைப்பார்களாமே, உனக்கும் தெரியுமா?" அப்போது கோபம் வரும். மந்திரத்தில் எனக்குப் பாதி நம்பிக்கை, பாதி இல்லை. ஆனால் அம்மாவுக்கு அது முழு நம்பிக்கை. அவரை நோகடிக்காமல் தங்கச்சியைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? சவூதியில் இருந்தவர்கள், இந்த நூல் சங்கதி தெரிந்தவர்கள், தயவுசெய்து எழுதுங்கள்.

அக்கரைப்பற்று ராத்தா:

தங்கச்சி, கழற்றிவிட்டு அனுப்புங்கள். கட்டுநாயக்காவுக்குப் போய்க் கழற்றலாம் என்று விடவேண்டாம், வீட்டிலேயே கழற்றுங்கள்.

நான் றியாத்தில் இரண்டு வீட்டில் ஒன்பது வருடம் இருந்தேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சின்ன வயதில் எங்கள் மூத்தம்மா சொல்லித் தந்தது: சீப்பில் வருகிற முடியைக் கண்ட இடத்தில் போடாதே, எவராவது எடுத்து வினை வைப்பார்கள், சுருட்டி வேலி இடுக்கில் செருகிவிடு. அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. றியாத்தில் வேலிக்கு எங்கே போவது? படிக்குக் கீழே, உடுப்புத் துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில்தான் என் படுக்கை. முடியைச் சுருட்டிச் சுருட்டி ஒரு வெற்றுப் பால்மாப் பேணிக்குள் போட்டு மூடி வைத்தேன். ஊருக்கு வரும்போது எறியலாம் என்ற எண்ணம்.

இரண்டாவது வருடம், வீட்டுக்காரியின் கடைசிப் பிள்ளை நாலைந்து நாள் சாப்பிடாமல் இரவிரவாகக் கத்தியது. அவள் என் பையைக் கொட்டினாள், மெத்தையைப் புரட்டினாள், பேணியைத் திறந்தாள். அந்த முடிப் பந்துகளைக் கண்டதும் "ஸிஹ்ர்! ஸிஹ்ர்!" என்று கத்தினாள். சூனியம் என்று அர்த்தம். போனைப் பறித்து, இரண்டு நாள் அறைக்குள் பூட்டி வைத்தார்கள். நானும் முஸ்லிம்தான், ஐந்து நேரமும் தொழுகிறவள்தான், அது ஒன்றும் உதவவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து ஆயத்துல் குர்ஸியைச் சத்தமாக ஓதிக்கொண்டே அழுதேன். வீட்டுக்காரரின் வயதான தாய்தான் காப்பாற்றினார். அவர் கிராமத்துப் பெண். "எங்கள் உம்மாவும் முடியை இப்படித்தான் சேர்த்து வைப்பார், இது வினை இல்லை, பயம்" என்று மகனுக்குச் சொன்னார். பிள்ளைக்குக் காதுக்குள் சீழ் பிடித்திருந்தது. டொக்டரிடம் காட்டின பிறகுதான் தெரிந்தது.

இப்போது நான் வெளிநாடு போகிற பெண்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையில் இருக்கிறேன். அங்கே சூனியம் குற்றம், மரண தண்டனைகூடக் கிடைக்கலாம். ஆனால் சூனியம் என்றால் இன்னது என்று எழுதி வைத்த சட்டம் இல்லை, நீதிபதி எதைச் சூனியமாகக் காண்கிறாரோ அதுதான். 2009இல் மதப் பொலிஸ் இதற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. 2011 டிசம்பரில் அல்-ஜவ்ஃப் பக்கம் ஒரு பெண்ணுக்குத் தலை வெட்டினார்கள், 2012 ஜூனில் நஜ்ரானில் ஒரு ஆணுக்கு. அதே 2012 ஏப்ரலில் ஜித்தாவில் நம் நாட்டுப் பெண் ஒருவரைப் பிடித்தார்கள். ஒரு தகப்பன், கடைத்தொகுதியில் அந்தப் பெண் கிட்ட வந்த பிறகு தன் 13 வயது மகள் ஒரு மாதிரி நடந்துகொள்கிறாள் என்று முறைப்பாடு செய்தார். அவ்வளவுதான் முறைப்பாடு.

சம்பளம் கேட்டால், அடித்ததைச் சொல்லப் போனால், திருப்பி எங்கள்மேல் போடுகிற பழிகளில் களவும் சூனியமும் முன்னுக்கு நிற்கும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2008இல் வெளியிட்ட அறிக்கையிலும் இது இருக்கிறது. ஆகவே நூல் மட்டுமில்லை. தகடு, திருநீற்றுப் பொட்டலம், மந்திரம் எழுதின கடதாசி, காய்ந்த வேப்பிலை எதுவும் பையில் வேண்டாம். முடியை ரொயிலட்டில் போட்டுத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். பாஸ்போட் பிரதியும் ஒப்பந்தப் பிரதியும் உங்கள் கையில் இருக்கட்டும். பணியகத்தின் உதவி இலக்கத்தை, வெளிநாட்டில் இருந்து அடிக்கிற முறையைக் கேட்டு, அவள் மனப்பாடம் பண்ணட்டும், போனைப் பறித்தாலும் மண்டைக்குள் இருப்பதைப் பறிக்க முடியாது.

தெளிவு:

நூலை அறுத்து அடுப்பில் போடுங்கள். இத்தனை வருடமாக இந்தக் கட்டாடிமார் நம் சனத்தின் காசைப் பறித்ததும் பயத்தை விதைத்ததும் போதும். ஆசிரியர்களே பாதி நம்பிக்கை என்று எழுதினால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?

வாவிக்கரையான்:

மகள், அறுத்து அடுப்பில் போட வேண்டாம். தெளிவு தம்பி சொல்வதில் உள்ள கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் தாய் கட்டினதை நெருப்பில் போட்டால், அந்தப் பிள்ளைக்கு அங்கே ஒரு காய்ச்சல் வந்தாலும் தாய் அந்த நெருப்பைத்தான் நினைப்பாள். போன பிள்ளையும் அதையே நினைக்கும்.

என் தகப்பனார் களுவாஞ்சிகுடிப் பக்கம் பரிகாரியாக இருந்தவர். விசகடிக்கும் பார்ப்பார், பார்வையும் பார்ப்பார். மலையாள மந்திரம் என்று சொல்லி ஏட்டுக் கட்டு ஒன்று வைத்திருந்தார். பாம்பு கடித்த ஆள் வந்தால் மருந்தும் கொடுப்பார், வேப்பங்குழையால் தடவியும் விடுவார். பெரியாஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு ஊசி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, வருகிறவர்களை முதலில் அங்கேதான் அனுப்பினார். "எனக்குத் தெரிந்தது கொஞ்சம், அங்கே இருக்கிறது கூட" என்பார்.

நூலைப் பற்றி அவர் சொன்னது இது. காவல் ஆளுக்குத்தான், நூலுக்கு இல்லை. துடக்கு வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போகும்போது கழற்றி வைக்கிற வழக்கம் நம்மிடம் எப்போதுமே உண்டு. கழற்றி வைப்பது அவமரியாதை இல்லை. அதை அம்மன் கோயில் வேம்பில் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கட்டிவிட்டு, "என் பிள்ளை திரும்பி வந்ததும் அவள் கையாலேயே அவிழ்ப்பாள்" என்று நேர்த்தி வைக்கலாம். சடங்கு முடிகிற குளிர்த்தி அன்று கட்டுங்கள். உங்கள் அம்மா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். தேவையானால் அந்தக் கட்டாடியாரிடமே போய்க் கேளுங்கள், நல்ல மனிதர் என்றால் அவரே கழற்றித் தருவார்.

நான் இதையெல்லாம் சிரித்துத் தள்ளுகிறவன் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990இல் என் அண்ணன் காணாமற் போனான். அம்மா போகாத முகாம் இல்லை, எழுதாத கடிதம் இல்லை. ஒரு இடத்திலும் ஒரு சொல் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் தெய்வம் ஆடுகிற ஒரு அம்மாவிடம் வாக்குக் கேட்கப் போனார். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் அப்படிப் போகாத தாய்மார் குறைவு. செவ்வாய், வெள்ளி என்றால் வாசல் நிறையப் பெண்கள். பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அப்போது இங்கே வந்து, இந்த வாக்குச் சொல்லும் பெண்களோடு இருந்து ஆராய்ந்து எழுதினார். அம்மாவுக்குக் கிடைத்த வாக்கு: "மேற்கே இருக்கிறான், தண்ணீர் விடாய்த்துக் கிடக்கிறான்." அண்ணன் வரவில்லை. ஆனால் அம்மா அன்றிலிருந்து செம்பில் தண்ணீர் வைத்து மேற்கு வாசல் படியில் மூடி வைப்பார். சாகும்வரை வைத்தார். அவன் பேரைச் சொல்லி வாய்விட்டு அழ அம்மாவுக்கு வேறு எந்த வாசலும் திறக்கவில்லை, அந்த அம்மாவின் வாசல்தான் திறந்திருந்தது.

கடைசியாக ஒன்று. நீங்கள் "மாமி" என்று ஒரு சொல் எழுதிவிட்டு விடுங்கள் என்கிறீர்கள். என் தகப்பனார் ஆயிரம் பேருக்குப் பார்வை பார்த்திருப்பார். "யார் செய்தது" என்று கேட்டால் ஒருநாளும் ஆள் சொன்னதில்லை. "நோயைக் கேள், ஆளைக் கேளாதே, ஆள் சொன்னால் ஒரு குடும்பம் போய்விடும்" என்பார். உங்கள் வீட்டில் யாரோ ஆள் சொல்லியிருக்கிறார்கள். அப்படித்தானே மகள்?

கல்முனை வரலாற்று ஆசிரியர்:

ராத்தா எழுதியதை வாசித்தபோது எனக்கு 1692 நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மசாசூசெற்சில் சேலம் என்ற ஊர். அங்கே ஒரு பாதிரியார் வீட்டில் 9 வயது மகளும் 11 வயது உறவுக்காரப் பிள்ளையும் திடீரென்று கத்தவும் உடம்பை முறுக்கவும் தொடங்கினார்கள். வைத்தியர் வந்து பார்த்தார், சூனியம் என்ற பேச்சுக் கிளம்பியது. முதலில் பிடிபட்ட மூன்று பெண்களில் ஒருத்தி அந்த வீட்டில் வேலை செய்த அடிமைப் பெண், பெயர் டிடூபா. மற்ற இருவரில் ஒருத்தி பிச்சை எடுத்துத் திரிந்தவள், இன்னொருத்தி நோய்வாய்ப்பட்டிருந்தவள்.

கவனியுங்கள்: பிள்ளை கத்துகிறது, வீட்டு வேலைக்காரி பிடிபடுகிறாள். 320 வருடம் கழித்து ஜித்தாவிலும் கிட்டத்தட்ட அதேதான், ராத்தாவின் பால்மாப் பேணியிலும் அதேதான்.

சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிழவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலும் சிலர் செத்தார்கள். டிடூபா ஒப்புக்கொண்டதால் உயிர் தப்பினாள், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் சிறை. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டுவரை சூனியம் என்று சொல்லிக் கொன்றவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். சுவிற்சர்லாந்தில் 1782இல் தலை வெட்டப்பட்ட அன்னா கோல்டியும் ஒரு வீட்டு வேலைக்காரிதான். எசமானின் பிள்ளை ஊசிகளை வாந்தி எடுத்தது, அவள்தான் காரணம் என்றார்கள். அவள் குற்றமற்றவள் என்று அந்த மாநிலம் அறிவித்தது 2008இல்.

இது வெள்ளைக்காரர், அரபிகள் சங்கதி என்று நாம் தள்ளிவிட முடியாது. இந்தியாவில் சூனியக்காரி என்று பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அங்கேயும் அடி வாங்குகிறவள் பெரும்பாலும் விதவை, காணி வைத்திருக்கிறவள், பக்கத்து வளவுக்காரி.

சேலத்தில் இன்னொன்றும் நடந்தது. குற்றம் சாட்டிய பிள்ளைகளில் ஒருத்தி ஆன் புட்னம், அப்போது 12 வயது. 1706இல், வளர்ந்த பிறகு, தேவாலயத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றாள். குற்றமற்றவர்களின் உயிர் போகத் தானும் காரணமாக இருந்ததற்கு அவள் எழுதிய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். அந்தப் பிள்ளைகளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

பாயோடு ஒட்டுகிற கதைக்கு என் பதில் எளியது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வியாபாரத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த வடக்குப் பெடியன்கள் இங்கே கலியாணம் கட்டி, வயலும் வீடும் கிடைத்து, திரும்பிப் போகவில்லை. பிள்ளையைக் காணாத தாய் அங்கே இருந்து என்ன சொல்லுவாள்? வசியம் என்றுதான் சொல்லுவாள்.

மண்டூர்க்காரி (பத்து நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. வாவிக்கரையான் ஐயா, அப்படித்தான். ஆள் சொன்னார்கள். எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

2011இல் அப்பாவுக்கு இருமல். மாலையில் காய்ச்சல், உடம்பு குச்சியாக மெலிந்து போனது. எங்கிருந்தோ மை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். வெற்றிலையில் மை தடவி, பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்கச் சொன்னார். எட்டு வயதுப் பிள்ளை. "பொம்பிளை தெரியுதா? வெள்ளைச் சீலையா? வேலிக்கு அந்தப் பக்கமா?" என்று அவர் கேட்கக் கேட்க, பையன் ஓம் ஓம் என்று தலையாட்டினான். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சீலை கட்டினவர் எங்கள் மாமி, அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. முருங்கைக்குக் கீழே தோண்டினார்கள். முட்டைக் கோதும் ஒரு துண்டுத் தகரமும் வந்தது. எந்த வளவைத் தோண்டினாலும் அது வரும் என்று இப்போது தெரிகிறது. அப்போது நானும் நின்று பார்த்து நடுங்கினேன். அன்று மாலை மாமி சுளகில் அரிசி கொண்டு வந்தார், அம்மா படலையைச் சாத்தினார். மாமி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள், காசநோய். ஆறு மாதம் குளிசை, அப்பா எழும்பிவிட்டார். ஆனால் மாமியிடம் போய் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வளவைப் பூட்டிவிட்டுக் குருமண்வெளியில் மகள் வீட்டோடு போய்விட்டார். பின்னொரு காலம் அப்பா செத்ததற்கு வந்தார், தள்ளி நின்று அழுதார்.

ராத்தாவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடிப் பேணி இடம் வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான் கேட்டேன்: "அந்த வீட்டுக்காரி ராத்தாவுக்குச் செய்ததைத்தானே நாங்கள் மாமிக்குச் செய்தோம்? அதையே நாளைக்குத் தங்கச்சிக்கு எவளாவது செய்தால்?" அம்மா பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை.

குளிர்த்தி அன்று நூலையும் கூட்டையும் கட்டாடியாரே கழற்றித் தந்தார், கோபிக்கவில்லை. கோயில் வேம்பில் தங்கச்சி கையாலேயே கட்டினாள். மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருக்கிறது.

நேற்று மூன்று பேரும் வாவியைக் கடக்கிற பாதையில், அதுதான் அந்த மிதவையில், ஏறிக் குருமண்வெளிக்குப் போனோம். பாதை கரை தட்டும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. மாமி முற்றத்தில் நெல் காய வைத்துக்கொண்டு நின்றார், நன்றாகக் கூனிவிட்டார். அம்மா படலையிலேயே நின்று, "மச்சாள், நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டார். மாமி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெல்லை ஒரு பக்கமாகக் காலால் ஒதுக்கிவிட்டு, உள்ளே போய்ப் பன்பாயை எடுத்து வந்து திண்ணையில் விரித்தார்.

தங்கச்சிக்கு ஞாயிறு விடியற்காலை பிளேன். ராத்தா, இன்னொன்று கேட்க வேண்டும்: அங்கே போய் இறங்கியதும் அவளை ஏஜென்சிக்காரர் கூட்டிப்போக வருவாரா, வீட்டுக்காரரே வருவாரா?